பக்கத்து ஊரில் ஓர் இரவு

சிதம்பரத்தில் விடுதியெடுத்துத் தங்குவோர் யாவரென்று எண்ணிப் பார்த்தால் ஒரு பட்டியல் தானே அமைந்துவிடும். தரிசனத்திற்கு வருவோர், முகூர்த்தத்திற்கு வருவோர், அண்ணாமலைநகரில் பிள்ளையைச் சேர்க்க வருவோர், மருத்துவமனையில் உறவினரை வைத்துவிட்டுத் தலைசாய்க்க இடம் தேடுவோர். கடலூராயின் நீதிமன்ற வழக்குக்காரர்களையும் ஆட்சியர் அலுவலகத்திற்கு மனுவோடு வருவோரையும் சேர்த்துக்கொள்ளலாம். விடுதிப் பதிவேடுகளில் ‘வந்த காரணம்’ என்றொரு கட்டம் இருக்கும். அதில் ‘சும்மா’ என்று எழுத நம்மவர் எவருக்கும் துணிவு வருவதில்லை. கடலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊருக்கு மனைவி மக்களோடு வந்து, காரணம் ஏதுமின்றி ஓரிரவு தங்கப்போகிறோம் என்றால், மேசைக்குப் பின்னால் இருப்பவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். வீட்டில் ஏதேனும் தகராறோ என்றுகூட அவர் ஐயுறலாம்.

முந்தைய தலைமுறைக்கு இச்சிக்கல் இருந்ததில்லை. முழுப்பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் தாய்மாமன் வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ போனார்கள். பண்ருட்டியில் ஒரு பலாத்தோப்பு, புவனகிரியில் ஒரு தறிவீடு, பரங்கிப்பேட்டையில் கடல்வாடை வீசும் ஒரு மாடி என்று சுற்றத்தாரின் வீடுகளே விடுமுறை விடுதிகளாக இருந்தன. இன்று அந்த மாமன்கள் இரண்டு படுக்கையறைக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அல்லது சென்னையில் இருக்கிறார்கள். விருந்தோம்பலில் மனம் குறைந்துவிட்டதாக மேடைகளில் புலம்புவோருடன் நாம் உடன்படுவதில்லை. குறைந்தது மனமன்று, கூடம். எனவே உறவுமுறை சாராத ஒரு தங்குமிடம் இன்றைய குடும்பத்திற்குத் தேவைப்படுகிறது. அது தொலைவில் இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பது எம் துணிபு. பக்கத்து ஊரைப் பகலில் மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். கடைசிப் பேருந்து போன பிறகு தெற்குவீதி எப்படி இருக்கும், தேவனாம்பட்டினக் கடற்கரையில் சுண்டல் வண்டிகள் கிளம்பிய பின் கெடிலத்தின் முகத்துவாரத்தில் எத்தகைய ஒலி கேட்கும் என்பது அரைமணித் தொலைவில் குடியிருப்போருக்கே தெரிவதில்லை.

ஆனால் அந்த இரவை எங்கே கழிப்பது? தொலைக்காட்சியும் குளிரூட்டியும் வைத்த வெள்ளைச் சுவர் அறையில் கழிப்பதாயின் சொந்த வீட்டிலேயே இருந்துவிடலாம். தங்கும் இடமே வேறாக இருக்கவேண்டும். அந்த ‘வேறு’ நமக்குப் புதிய கண்டுபிடிப்பும் அன்று.

தமிழில் தங்குமிடத்திற்கு இருக்கும் சொற்களை மாணவர்களிடம் அவ்வப்போது எழுதச் சொல்வதுண்டு. பள்ளி, பொதியில், அம்பலம், சாவடி, மடம், சத்திரம், சேக்கை என்று கரும்பலகை நிரம்பிவிடும். ‘பள்ளி’ முதலில் உறங்குமிடம். படிக்குமிடம் ஆனது பிறகு. (வகுப்பறையில் உறங்குவோர் சொல்லின் மூலப்பொருளுக்கு உண்மையாக இருக்கிறார்கள் என்பது மாணவர்களுக்குப் பிடித்த விளக்கம்.) திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியில்தான் தருமசேனராக இருந்தார் திருநாவுக்கரசர்; சூலைநோய் தாளாமல் அங்கிருந்து ஓரிரவில் திருவதிகைக்கு, தமக்கையார் திலகவதியாரிடம் சென்றார் என்பது பெரியபுராணம். பட்டினப்பாலை காட்டும் பொதியிலில் புதியவர்கள் வந்து தங்குகிறார்கள். மாலையில் அங்கே விளக்கேற்றுவோர் போரில் சிறைபிடிக்கப்பட்டு வந்த மகளிர் என்பதையும் அந்நூல் மறைக்கவில்லை. மணிமேகலையின் உலக அறவி எல்லாருக்கும் பொதுவான அம்பலம். ஆபுத்திரன் மதுரையில் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, குருடர் செவிடர் முடவர் அனைவரையும் கூவியழைத்து ஊட்டிவிட்டு, எஞ்சியதைத் தான் உண்டு, அந்தத் திருவோட்டையே தலைக்கு வைத்துப் படுக்கிறான்.

இவற்றுள் எமக்கு மிகவும் உவப்பானது நம் தென்பெண்ணையின் கரையிலேயே நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒன்று. திருக்கோவிலூரில் ஒரு மழையிரவு. ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்ட, ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமரலாம் என்கிறார். பேயாழ்வார் வர, இருவர் அமரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்றாகிறது. நான்காவதாக ஒருவர் வந்து நெருக்க, அவர் யாரென்று காண ஏற்றிய விளக்குகளே முதல் மூன்று திருவந்தாதிகள். வைணவ உரைகாரர்கள் இதற்குச் சொல்லும் தத்துவம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு ரேழியின் நீள அகலத்திலிருந்து ஓர் இலக்கிய மரபு பிறந்ததாகச் சொல்லும் துணிச்சல் நம் மரபுக்கு இருந்திருக்கிறது.

சத்திரங்களின் வரலாற்றில் ஒரு கடிதம் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவதுண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1801இல் ஆங்கிலேயக் கும்பினிக்கு எழுதியது. தம் முன்னோர் இராமேசுவரப் பாதையில் கட்டிய சத்திரங்களைக் கும்பினி கைவைக்காமல் விடவேண்டும் என்பது வேண்டுகோள். அங்கே நடப்பனவற்றை அவர் விளக்கும் பகுதி வியப்பளிப்பது. வழிப்போக்கர் எச்சாதியராயினும் சோறு உண்டு. நள்ளிரவில் மணியடித்து, இதுவரை உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று அழைப்பார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. நோயுற்றோருக்கு மருத்துவர் உண்டு. கருவுற்ற பெண்களுக்குத் தனிக் கவனிப்பு உண்டு. மறு ஆண்டில் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுந்தது.

இதைப் படித்ததும் ‘சத்திரங்களை மீட்போம்’ என்று கிளம்பிவிடத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். உணவு எல்லாருக்கும் என்பதும் உறைவிடம் எல்லாருக்கும் என்பதும் ஒன்றல்ல. எல்லாருக்கும் உணவிட்ட சத்திரங்களிலேயே யார் எங்கே அமர்வது, யார் சமைத்ததை யார் உண்பது என்னும் கோடுகள் அழுத்தமாக இருந்தன. சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளிலும் அவற்றையொட்டிய தெருக்களிலும் சாதிப் பெயரை நெற்றியில் தாங்கிய மடங்களும் சத்திரங்களும் இன்றும் உள்ளன. திருவாதிரைக்கு வரும் தம் மக்கள் தெருவில் நிற்கக்கூடாதென்று ஒவ்வொரு சமூகமும் கட்டியவை அவை. அந்த அக்கறை மெய்யானது. அதன் மறுபக்கமும் மெய்யானது. தில்லை எல்லையில் நின்றுவிட்ட நந்தனாரின் கதையை நாடறியும். 1916இல் சுவாமி சகஜாநந்தர் நந்தனார் பெயரில் இவ்வூரில் பள்ளி தொடங்கியபோது, பிள்ளைகள் தங்குவதற்கும் இடம் அமைக்கவேண்டியிருந்தது ஏன்? அத்தனை மடங்கள் நிறைந்த ஊரில் அப்பிள்ளைகளுக்குத் திறக்கும் கதவு ஒன்றும் இல்லை என்பதுதானே!

இது பழங்கதை என்று எவரும் சொல்லவேண்டாம். எம்முடன் பணியாற்றும் நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் மார்கழியில் குடும்பத்துடன் ஒரு கோயில் நகரத்திற்குச் சென்றார். விடுதிகளெல்லாம் நிறைந்திருந்தன. ஒரு சத்திரத்தில் அறை இருப்பதாக யாரோ சொல்ல, அங்கே போயிருக்கிறார். பொறுப்பாளர் பெரியவர், மிக மரியாதையாகத்தான் பேசினாராம். “சார், நீங்க நம்மவங்களா?” என்று கேட்டிருக்கிறார். நண்பர், “நான் காலேஜ் வாத்தியார்ங்க” என்று சொல்லியிருக்கிறார். “அது சரிங்க சார்…” என்று இழுத்த பெரியவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நண்பரும் கேட்கவில்லை. பேருந்து நிலையத்துத் திண்டில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை இருந்துவிட்டுத் திரும்பினார்கள். அவருடைய மகள் அப்போது ஆறாம் வகுப்பு. “நம்மவங்கன்னா யாருப்பா?” என்று அவள் கேட்டதற்கு என்ன விடை சொன்னார் என்பதை நண்பர் எம்மிடம் சொல்லவில்லை.

ஆகவே பழைய தங்குமிடங்களை மீண்டும் திறக்கவேண்டும் என்று நாம் எழுதும்போது, அந்தக் கேள்வி கேட்கப்படாத வாசலை மட்டுமே கருதுகிறோம். சமூக அறக்கட்டளைகள் தம் கட்டடத்தைத் தம்மவருக்கே வைத்துக்கொள்ளும் உரிமை பற்றிப் பேசுவோர் உண்டு. பேசட்டும். ஆனால் ஆண்டில் பத்துநாள் திருவிழா நீங்கலாக மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் அறைகளை, முறையான வாடகைக்கு எவருக்கும் தருவதால் எந்த முன்னோரின் ஆன்மாவும் வருந்தப்போவதில்லை. அந்த வாடகையில் ஒழுகும் கூரையாவது மாறும்.

இன்னொரு தடையும் உண்டு. அதை எம் இல்லத்தரசியின் வாயாலேயே சொல்லவேண்டும். ஒருமுறை, ‘சமைத்துக்கொள்ளும் வசதி உண்டு’ என்னும் அறிவிப்பைப் படித்துக்காட்டி அதை ஒரு சிறப்பாக நாம் எடுத்துரைத்தோம். “அங்கயும் நான்தானே அடுப்புப் பத்த வைக்கணும்? அதுக்கு இங்கயே இருக்கலாமே” என்றார். இதற்கு மறுமொழி இல்லை. சத்திரப் பயணங்களைப் பற்றி ஆண்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளில் காவிரி வரும், கோபுரம் வரும், கச்சேரி வரும். அம்மி அரைத்தவர் வருவதில்லை. குடும்ப ஓய்வு என்று பெயரிட்டுவிட்டு, குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இடம்மாறுவதை ஓய்வென்று கொள்ளமுடியாது.

இவ்விரு தடைகளையும் ஒருசேரத் தாண்டிய இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. எவர் வந்தாலும் சோறு. எவர் என்ற கேள்வி இல்லை. 1872இல் அமைந்த சத்தியஞான சபையின் எண்கோணக் கட்டடத்தைத் தைப்பூசக் கூட்டத்தில் மட்டும் பார்த்தவர்கள், ஒரு சாதாரண வாரநாளில் போய்ப் பார்க்கவேண்டும். பந்தியில் நம் பிள்ளைக்கு ஒருபுறம் ஒரு சாது, மறுபுறம் ஒரு லாரி ஓட்டுநர். பக்கத்து மேட்டுக்குப்பமும் கருங்குழியும் சேர்த்து ஒன்றரை நாள் அங்கே கழித்தால், பாடநூலில் அரைப்பக்கத்தில் முடிந்துபோகும் ஒருவரைப் பிள்ளைகள் வேறுவிதமாக அறிவார்கள். இதைச் சுற்றுலா என்று சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பசித்தவரோடு அமர்ந்து உண்பதைவிட வேறென்ன வேறுபட்ட அனுபவத்தை எந்த உல்லாச விடுதி தந்துவிடும்?

இனி வீடுகளுக்கு வருவோம். எம் கவலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. சிதம்பரம் வீதிகளிலும், கடலூர் முதுநகரிலும், பரங்கிப்பேட்டையிலும் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீண்டு செல்லும் வீடுகள் ஆண்டுக்குச் சில என்று மறைந்துகொண்டிருக்கின்றன. அவை விழும் முறையை அருகிருந்து பார்த்தவர் அறிவர். முதலில் பாகப்பிரிவினை. ஆறு வாரிசுகளில் நால்வர் வெளியூர். பிறகு ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. ஒரு மழைக்காலத்தில் நீர் இறங்கி உத்தரத்தின் முனை உளுக்கிறது. சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார் ஊரில் இல்லாததால், விரிசலில் சிமெண்ட்டைப் பூசுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும், சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு மூன்றாண்டில் பாளம் பாளமாகப் பெயர்கிறது. 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோது, ஏற்கனவே தளர்ந்திருந்த கூரைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அதன்பின் பழைய மரக்கடைக்காரர் வருகிறார். தூண், கதவு, நிலை, சன்னல் எல்லாம் எண்ணிக்கைக் கணக்கில் போகின்றன. சில மாதம் கழித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதோ ஓர் உல்லாச விடுதியின் வரவேற்பறையில், எதையும் தாங்காமல் வெறும் அழகுக்காக அத்தூண் நிற்கிறது. அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்ள நம் ஊர்க்காரரே கட்டணம் கொடுத்துப் போகிறார்.

வருமானம் தராத வீட்டை வைத்திருக்கச் சொல்லி ஒருவரை வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. வீடு தன் செலவைத் தானே ஈட்டவேண்டும். புதுச்சேரியில் இது நடந்திருக்கிறது. இன்டாக் அமைப்பு அங்கே 1984 முதல் பணியாற்றுகிறது. வைசியாள் வீதியில் தமிழ் வீடுகளின் முகப்பையும் திண்ணையையும் வரிசையாகச் சீரமைத்தார்கள், செலவில் ஒரு பங்கைத் திட்டம் ஏற்றது, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் வந்தது. காரைக்குடியில் 1999இல் ‘தி பங்களா’ திறந்தபிறகு செட்டிநாட்டு வீடுகள் பல விடுதிகளாயின. தெற்கே தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டைக்கு எதிரே, ஆழிப்பேரலைக்குப் பின் பல பழங்கட்டடங்கள் உயிர்பெற்றன. இவை நல்ல செயல்கள்தாம். ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவற்றின் ஓரிரவு வாடகையைக் கேட்டால் ஒரு நடுத்தரக் குடும்பம் வாசலோடு திரும்பிவிடும். அந்த வீட்டைக் கட்டிய சமூகத்தின் பேரப்பிள்ளைகளே உள்ளே நுழையமுடியாத மரபுக் காப்பு ஒரு நகைமுரண். நாம் வேண்டுவது வேறு: சுவருக்கு வெள்ளை, கூரைக்கு ஓடு, கொல்லையில் இரண்டு சுத்தமான கழிப்பறை, சமைத்துப்போட ஒரு அம்மாள், அவருக்கு நியாயமான ஊதியம். கூடத்தில் பாய் விரித்துப் படுத்து முற்றத்து வானத்தைப் பார்க்க இதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை.

நம் எழுத்தாளர்கள் இதை முன்பே உணர்ந்திருக்கிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன், ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலில், நெடுங்காலம் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை ஹென்றியைக் கொண்டு திறக்கவைத்தார். எந்தச் சாதியினன் என்று சொல்லமுடியாத ஒருவன்தான் அதற்கு வரவேண்டியிருந்தது என்பதைக் கவனிக்கலாம். திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தனோ, கடவுளையே ஒரு கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்கு விருந்தாளியாக அனுப்பிவைத்தார். அந்தக் குறுகிய ஒண்டுக்குடித்தனத்தில் கடவுள் பட்ட பாட்டைப் படித்தவர்கள், தங்கவருவோருக்கு இடம் எத்தனை அவசியம் என்பதை உணர்வர். இவ்விருவரும் பிறந்த ஊரில், அவர்கள் பெயரால் வெளியூர் வாசகன் ஒருவன் வந்து தங்கி வாசிக்க ஓர் அறையாவது வேண்டாமா? மணிமண்டபங்களும் சிலைகளும் போதிய அளவு இருக்கின்றன.

மீண்டும் ஒரு மழையைச் சொல்லவேண்டும். 1909இல் செருமனியில் ரிச்சர்டு சிர்மன் என்னும் பள்ளியாசிரியர் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிச் சென்றபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. அவர்கள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளில் பிள்ளைகள் ஏன் தங்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. 1912இல் ஆல்டெனா நகரத்துப் பழங்கோட்டையில் முதல் நிலையான இளைஞர் விடுதி எழுந்தது. அதன்பின் அவ்வியக்கம் உலகெங்கும் பரவியதை அறிவோம். இங்கும் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் மாணவர் விடுதிகளுக்குக் குறைவில்லை. பொதுப்பணித் துறையின் பயணியர் மாளிகைகள் ஊர்தோறும் நிற்கின்றன. வேப்பமரமும் நீண்ட தாழ்வாரமும் உயர்ந்த கூரையுமாக. பெயர் ‘பயணியர்’ மாளிகை. பயணி போய்க் கேட்டால் கிடைப்பதென்னவோ அரிது. அலுவலர் வரக்கூடும் என்று காலியாகவே வைத்திருப்பது வழக்கம். வாரக் கடைசியில் இரண்டு அறைகளைப் பொதுமக்களுக்கென ஒதுக்கினால் ஆட்சி நிருவாகம் நின்றுவிடாது.

பிச்சாவரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நிறைவுறாது; ஆனால் அங்கே எம் கருத்து எதிர்த்திசையில் செல்கிறது. அலையாத்திக் காட்டின் நடுவே தங்கவேண்டும் என்னும் ஆசை எவருக்கும் எழும். சுரபுன்னையின் வேர்களுக்கிடையே படகு நுழையும்போது அங்கேயே இருந்துவிடலாம் போலத்தான் தோன்றும். 1975இல் ‘இதயக்கனி’ வந்ததிலிருந்து அந்த ஆசைக்கு ஊக்கமும் கிடைத்திருக்கிறது. எனினும் 2004 ஆழிப்பேரலையில் இக்காட்டின் பின்னால் இருந்த சிற்றூர்கள் ஓரளவு தப்பின. கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரையும் மரங்கள் இருந்த இடத்தில் அழிவு குறைவு என்றே காட்டியது. 2022இல் பிச்சாவரம் இராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அக்காட்டின் ஓரத்தில் ஒவ்வொரு புதிய கான்கிரீட் தளமும், ஒவ்வொரு கழிவுநீர்க் குழாயும் அந்த மரங்களின் கணக்கிலிருந்து கழிக்கப்படுவதே. தங்குவது கிள்ளையிலோ சிதம்பரத்திலோ ஏற்கனவே நிற்கும் வீட்டில் ஆகட்டும். விடியலில் எழுந்து போனால் பதினைந்து கிலோமீட்டர்தான். முதல் படகுக்கு முன்பே நீரில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளர் மக்களைக் காணலாம். அவர்களைப் படமெடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நலம்.

வரும் மார்கழிக்கு இன்னும் நாளிருக்கிறது. சிதம்பரத்தில் பழைய வீடு வைத்திருப்போர், அதை விற்பதா இடிப்பதா என்று உடன்பிறந்தாரோடு பேசிக்கொண்டிருப்போர், நம் வாசகரிடையே சிலரேனும் இருப்பர். திருவாதிரைக்கு முந்தைய வாரம் அவ்வீட்டின் இரண்டு அறைகளையும் கூடத்தையும் பெருக்கி, கிணற்றை இறைத்து, அறிந்த குடும்பம் ஒன்றுக்கும் அறியாத குடும்பம் ஒன்றுக்கும் வாடகைக்குத் தந்து பார்க்கலாம். காலையில் ஏழுகாய்க் கூட்டும் களியும் செய்துதர அதே தெருவில் ஒருவர் கிடைப்பார். பதிவேடு ஒன்று வைத்துக்கொள்ளட்டும். பெயர், ஊர், வந்த நாள், போகும் நாள் என்று நான்கு கட்டங்கள் போதும். ஐந்தாவதாக ஒன்று கோடு போடவேண்டாம்.